குடலின் அச்சமும் புட்டியில் வரும் கிருமிகளும்

மனஅழுத்தம் குடலைக் கெடுக்கிறது என்றும், கெட்ட குடலை நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் சீராக்கிவிடும் என்றும் இரண்டு செய்திகள் இப்போது சேர்ந்தே நம்மிடம் வருகின்றன. மருந்துக்கடையில் கேப்ஸ்யூலாக, குளிர்பெட்டியில் சிறு புட்டியாக, ஆன்டிபயாடிக் சீட்டில் கடைசி வரியாக, புரோபயாடிக் சிற்றூர்கள் வரைக்கும் வந்துவிட்டது. முதல் செய்திக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட சான்று இருக்கிறது. இரண்டாவது, சில நோய்களில், சில வயதினருக்கு, பெயர் குறித்துச் சொல்லக்கூடிய சில ரகக் கிருமிகளுக்கு மட்டுமே உண்மை. முதலாவது உண்மை என்பதனால் இரண்டாவதையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். குடலுக்குள் புதிதாகக் கிருமிகளை அனுப்புவதைவிட, அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகளும் குடல் சுவரும் நலமாக இருப்பதற்கான தண்ணீர், சோறு, அச்சமில்லாத வாழ்க்கை ஆகிய மூன்றும்தான் முதலில் வேண்டும் என்பது என் வாதம். இதைப் புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்துப் பேசலாம். அச்சமும் தண்ணீரும் வயிறும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை அண்மைக்காலத்தில் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய மாவட்டங்கள் தமிழ்நாட்டில் அதிகமில்லை.

மனஅழுத்தம் என்றதும் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் நகரத்து ஊழியரின் முகமே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. கிராமத்தில் காற்றும் வெயிலும் இருக்கின்றன, உடல் உழைப்பு இருக்கிறது, அங்கே என்ன மனஅழுத்தம் என்று கேட்பவர்கள் உண்டு. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல், ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கறம்பக்குடி, அறந்தாங்கிப் பகுதிகளின் தென்னையையும் பலாவையும் வாழையையும் ஒரே இரவில் சாய்த்துப் போட்டது. தென்னை மறுபடி காய்க்க ஆண்டுகள் ஆகும். வாங்கிய கடனுக்கு அந்தத் தவணை கிடையாது. மின்கம்பங்கள் விழுந்து வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாததால் ஆழ்துளைக் கிணறுகள் நின்றன. ஜெனரேட்டர் வைத்துக் குடிநீர் ஏற்ற வேண்டியிருந்தது. கடற்கரைப் பக்கம் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் படகேறிப் போகிறவர் எல்லைதாண்டி மீன்பிடித்ததாகச் சொல்லி இலங்கைக் கடற்படையிடம் பிடிபடுவாரா, படகு திரும்புமா என்ற கவலை பருவம் தவறாமல் வருகிறது. உடலைப் பொறுத்தவரை, அலுவலக மேலாளரின் கோபத்துக்கும் வட்டிக்காரரின் வருகைக்கும் வேறுபாடு இல்லை. இரண்டுக்கும் மூளை அனுப்பும் ஆணை ஒன்றுதான்.

அந்த ஆணை வயிற்றில் என்ன செய்கிறது என்பதை மருத்துவம் கண்ணாலேயே பார்த்திருக்கிறது. 1822இல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் துப்பாக்கிக் குண்டு பட்ட அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் இரைப்பையில் ஆறாத திறப்பு ஒன்று தங்கிவிட்டது. அவருக்கு மருத்துவம் பார்த்த வில்லியம் போமான்ட் அந்தத் திறப்பின் வழியாகச் செரிமானத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1833இல் நூலாக வெளியிட்டார். அந்த இளைஞர் கோபப்பட்டால் செரிமானம் மாறுவதை அவர் குறித்து வைத்தார். 1890களின் இறுதியில் ஹார்வர்டில் வால்டர் கேனன், எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட சூட்டோடு, சாப்பிட்ட பூனையின் இரைப்பை அசைவை அதன்மூலம் பார்த்தார். பூனை கலங்கியதும் அசைவு நின்றது, அமைதியடைந்ததும் திரும்பியது. பின்னாளில் இதன் வழிமுறையும் தெரிந்தது. அச்சம் வந்ததும் மூளையின் ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது ஒருபக்கம் கார்ட்டிசாலைக் கூட்டுகிறது. மறுபக்கம் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, பெருங்குடலின் வேகத்தை அதிகப்படுத்துகிறது. தேர்வு நாளில் சாப்பாடு இறங்காமல் இருப்பதும், அதே காலையில் இரண்டு மூன்று முறை கழிப்பறைக்கு ஓடுவதும் இந்த ஒரே ஹார்மோனின் இரு வேலைகள். குடல் சுவரில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. உடலின் செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் உருவாகிறது. மூளைக்கும் வயிற்றுக்கும் இடையே ஓடும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. ஆகவே இது இருவழிப் பேச்சு.

ஓடுவதும் நிற்பதும் மட்டுமென்றால் தற்காலிகத் தொல்லை என்று விட்டுவிடலாம். குடல் சுவரே மாறுகிறது என்பதுதான் கவலைக்குரியது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில், நலமாக இருந்த தன்னார்வலர்களைக் கூட்டத்தின் முன் நின்று பேச வைத்தார்கள். யாருக்கெல்லாம் கார்ட்டிசால் உயர்ந்ததோ, அவர்களுடைய சிறுகுடல் வழக்கத்தைவிட அதிகமாகக் கசிந்தது. குடல் சுவரில் இருக்கும் மாஸ்ட் செல்களை அடக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது அந்தக் கசிவு நடக்கவில்லை. மேடைப் பேச்சு என்கிற சிறு பயத்துக்கே சுவர் இளகுகிறதென்றால், மாதக்கணக்கில் நீளும் கடன் கவலை என்ன செய்யும் என்று கேட்பது நியாயம். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இந்தக் கசிவை வைத்து உடலின் எல்லா நோய்களையும் விளக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். சான்று அவ்வளவு தூரம் போகவில்லை. அது சொல்வது, அச்சத்தில் குடல் சுவரின் காவல் தளர்கிறது என்பதை மட்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அல்சருக்குக் காரணம் கவலை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் காட்டி அந்தக் கதையை முடித்தார்கள். 2005இல் நோபல் பரிசும் கிடைத்தது. பிறகு எதற்கு மறுபடியும் மனஅழுத்தத்தை இழுக்க வேண்டும்? கேள்வி சரியானது, அந்தக் கண்டுபிடிப்பு கோடிக்கணக்கானோரை நாள்பட்ட வலியிலிருந்து விடுவித்தது. ஆனால் 2011 மார்ச்சில் ஜப்பானின் கிழக்குக் கரையை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கிய பிறகு, மியாகி வட்டாரத்து மருத்துவமனைகளில் அடுத்த மூன்று மாத அல்சர் நோயாளிகளை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டார்கள். மொத்த எண்ணிக்கை ஒன்றரை மடங்கு. இரத்தம் கசிந்த அல்சர் 2.2 மடங்கு. அந்தப் பாக்டீரியாவும் இல்லாமல், வலி மாத்திரையும் சாப்பிடாமல் அல்சர் வந்தவர்களின் பங்கு 13 விழுக்காட்டிலிருந்து 24 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அதற்கு முன்பே, இரண்டாம் உலகப்போரில் லண்டன் மீது குண்டு விழுந்த மாதங்களில் இரைப்பைப் புண் துளைத்து வந்தவர்கள் அதிகமானதை 1942இல் ‘லான்செட்’ இதழ் பதிவு செய்தது. ஆக, கிருமி உண்மை, அச்சமும் உண்மை. ஒன்றைக் கண்டுபிடித்ததனால் மற்றது பொய்யாகிவிடவில்லை. பேரிடர் முகாமில் பாயும் அரிசியும் கொடுப்பது போலவே, அடுத்த மூன்று மாதங்களுக்கு வயிற்று வலியோடு வருபவர்களைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பதும் நிவாரணத்தின் ஒரு பகுதியாக வேண்டும்.

குடல் கிருமிகள் இந்தக் கதைக்குள் எங்கே வருகின்றன? 2004இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் நொபுயுகி சுடோவும் அவருடைய குழுவினரும் ஒரு கிருமியும் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளை அசையவிடாமல் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். அவற்றின் மனஅழுத்த ஹார்மோன்கள் மற்ற எலிகளைவிட மிக அதிகமாக ஏறின. பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் என்ற ஒற்றைக் கிருமியைச் செலுத்தியதும் அந்த ஏற்றம் அடங்கியது. கிருமிகளைத் திரும்பக் குடியேற்றுவதும் இளம் பருவத்தில்தான் பலித்தது. வளர்ந்த பிறகு பலிக்கவில்லை. அச்சத்தை எவ்வளவு தாங்க முடியும் என்பதைக்கூடக் குடல் கிருமிகள் ஓரளவு தீர்மானிக்கின்றன என்ற வியப்பான எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. 2011இல் அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் லாக்டோபாசிலஸ் ரகம் ஒன்றை எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் பதற்றம் குறைவதைக் கண்டார்கள்; வேகஸ் நரம்பை வெட்டியபோது அந்த நன்மை மறைந்தது. உலகெங்கும் செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. அதே ஆய்வாளர்கள் அதே ரகத்தை 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள்: மனிதர்களிடம் மனஅழுத்தத்திலும் பதற்றத்திலும் எந்த மாற்றமும் இல்லை. தங்கள் சொந்த நம்பிக்கையைத் தாங்களே சோதித்து, தோற்றதை மறைக்காமல் அச்சிட்ட அந்த நேர்மைக்காக அவர்களை மதிக்கிறேன். ஆனால் முதல் செய்தி சென்ற இடங்களுக்கெல்லாம் இரண்டாம் செய்தி போய்ச் சேரவில்லை. எலியின் பெயரால்தான் இன்றும் புட்டிகள் விலைபோகின்றன.

புரோபயாடிக் எதுவுமே பயனற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டினால் அதுவும் தவறு. ஒடிசா கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளைக் கொண்டு பினாகி பாணிக்ராகி குழுவினர் நடத்திய ஆய்வு 2017இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. லாக்டோபாசிலஸ் பிளான்டாரம் ரகம் ஒன்றையும், அந்தக் கிருமிக்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையையும் பிறந்த சில நாட்களிலிருந்து ஒரு வாரம் கொடுத்தார்கள். இரத்தத்தில் கிருமித்தொற்றோ இறப்போ நேர்ந்தது, கொடுக்கப்படாதவர்களில் 9 விழுக்காடு, கொடுக்கப்பட்டவர்களில் 5.4 விழுக்காடு. ஏழை நாடுகளின் குழந்தைகளுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பதைச் சொல்லத் தேவையில்லை. கொல்கத்தாவின் நெருக்கடியான குடியிருப்புகளில் ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 3,758 பேரிடம் பன்னிரண்டு வாரம் புரோபயாடிக் பானம் கொடுத்தபோது வயிற்றுப்போக்கு 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் வயிற்றுப்போக்கோடு அவசரப் பிரிவுக்கு வந்த குழந்தைகளிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2018இல் வெளியானபோது, புரோபயாடிக் கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் வேறுபாடே இல்லை. அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கம் 2020இல் சான்றுகளை அலசி, குறைமாதக் குழந்தைகள் உள்ளிட்ட சில நிலைகளைத் தவிரப் பெரும்பாலான குடல் நோய்களுக்குப் புரோபயாடிக்கைப் பரிந்துரைக்க முடியாது என்றது. இவை ஒன்றோடொன்று முரண்படவில்லை. எந்தக் கிருமி, எந்த ரகம், எந்த வயது, எந்த நோய் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. காய்ச்சலுக்கு ‘மாத்திரை’ நல்லதா என்று யாரும் கேட்பதில்லை, எந்த மாத்திரை என்றே கேட்கிறோம். 2011இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் ரகத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்றே சொல்கின்றன. ரகம் எழுதாத பெட்டியை வாங்குவதில் பொருளில்லை.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே, சாப்பிட்டுவைத்தால் என்ன என்பது அடுத்து வரும் கேள்வி. நலமானவர்களுக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை என்பது சரி. ஆனால் 2018இல் இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிறுவனம் செய்த ஆய்வில், ஆன்டிபயாடிக் முடித்தவர்களில் ஒரு பிரிவினருக்குப் புரோபயாடிக் கொடுத்தார்கள், இன்னொரு பிரிவினரைச் சும்மா விட்டார்கள். சும்மா விடப்பட்டவர்களின் சொந்தக் கிருமிக் கூட்டம் சீக்கிரம் திரும்பியது. புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு அது தாமதமானது. புதிதாக வந்த கிருமிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டு பழைய குடிகளை வரவிடாமல் செய்தன. நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்த நோயாளிகளுக்கு உயிருள்ள கிருமிகள் அரிதாக இரத்தத்துக்குள் புகுந்து தொற்றாகவும் மாறியிருக்கின்றன. இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது செலவு. நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு குடும்பம் மாதாமாதம் கேப்ஸ்யூலுக்குக் கொடுக்கும் பணம், பயறுக்கும் கீரைக்கும் மோருக்கும் போயிருக்க வேண்டிய பணம். தண்ணீர் கட்டாத வயலில் விதைநெல்லை மறுபடி மறுபடி தெளிப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

நம் பழையசோறு இருக்கும்போது புட்டி எதற்கு என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் மகிழ்வார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் மிகையும் இருக்கிறது. சோற்றில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க வைத்தால் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகி அதைப் புளிக்க வைக்கின்றன. கூடவே, ஆறிப்போன மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அந்தப் பகுதி சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள கிருமிகளுக்கு உணவாகிறது. அவை அதிலிருந்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பமிலங்களை உருவாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் அதுதான். செரிக்காத மாவுச்சத்தின் ஆற்றலை உலகுக்குக் காட்டியவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில் செரிக்காத மக்காச்சோள மாவைச் சேர்த்துக் கொடுத்து, பேதி சீக்கிரம் நிற்பதை 2000இல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ வெளியிட்டார்கள். வெளியிலிருந்து கிருமி எதுவும் சேர்க்கவில்லை. உள்ளே இருந்த கிருமிகளுக்குச் சோறு போட்டார்கள். பழையசோற்றை நோயாளிகளிடம் முறையாக ஆராய சென்னை ஸ்டான்லி மருத்துவமனை 2021இல் அரசு நிதியோடு முன்வந்தது பாராட்டத்தக்கது. ஸ்டான்ஃபோர்டில் 36 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில் தயிர் போன்ற புளித்த உணவுகளைத் தொடர்ந்து பத்து வாரம் உண்டவர்களின் குடலில் கிருமிகளின் வகை பெருகியது. உடலில் அழற்சியைக் காட்டும் புரதங்கள் குறைந்தன.

அதற்காகப் பழையசோற்றை மருந்து என்று பெயர்மாற்ற வேண்டியதில்லை. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2001இல் வகுத்த வரையறைப்படி, போதுமான அளவில் உயிரோடு சேர்ந்து, நன்மை செய்வதாகச் சோதித்து நிறுவப்பட்ட கிருமியே புரோபயாடிக். ஒவ்வொரு வீட்டுப் பானையிலும் வளரும் கிருமிக் கூட்டம் வேறு. இட்லி மாவைப் புளிக்கச் செய்யும் லூக்கோநாஸ்டாக் கிருமிகள் ஆவியில் வெந்ததும் மடிந்துவிடுகின்றன. இட்லி நல்ல உணவு, ஆனால் உயிருள்ள கிருமியை அது கொண்டுபோவதில்லை. இன்னும் முக்கியமான ஒன்று: சோறு வடித்த பிறகும் பாசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைத்துகள்கள் உயிரோடு இருக்கும், ஊற்றிய தண்ணீரே மாசுபட்டிருந்தால் வேறு கிருமிகளும் வரும். நன்றாகப் புளித்து அமிலம் ஏறினால் அவை அடங்குகின்றன. அரைகுறையாகப் புளித்த, பல நாள் வைத்த சோற்றில் அடங்குவதில்லை. பழையசோற்றின் பெருமை, ஊற்றும் தண்ணீரின் தூய்மையில் நிற்கிறது. மரபு நமக்குத் தந்தது நல்ல முறை; அந்த முறைக்கு நல்ல தண்ணீர் தர வேண்டியது இன்றைய நிர்வாகம்.

புதுக்கோட்டையிலேயே, வம்பனில், தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வம்பன் என்ற பெயர் தாங்கிய உளுந்து ரகங்கள் தமிழ்நாட்டு உழவர்களுக்கு நன்கு பழக்கமானவை. உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு ஆகியவற்றில் நாம் செரிக்க முடியாத சர்க்கரைத் தொடர்கள் இருக்கின்றன. வயிறு உப்புவதற்குக் காரணம் என்று நாம் குறைசொல்வதும், பெருங்குடல் கிருமிகள் விரும்பி உண்பதும் அவற்றைத்தான். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்கள் சிறிதளவில் தொடங்கிக் கூட்ட வேண்டும். மற்றவர்களுக்கு இதைவிட மலிவான குடல் உணவு இல்லை. ஆனால் சத்துணவிலும் ரேஷன் கடையிலும் பயறுக்குக் கிடைக்கும் இடம் அரிசிக்குக் கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில்கூட நிற்கவில்லை. குடல் நலத்தைப் பற்றிய அக்கறை உண்மையானால், மாவட்டத்தின் மானாவாரி நிலத்தில் விளையும் பயறு அதே மாவட்டத்துக் குழந்தைகளின் தட்டுக்கு நாள்தோறும் வருவதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

தண்ணீருக்குத் திரும்புகிறேன். 2022 டிசம்பர் இறுதியில் முத்துக்காடு ஊராட்சியைச் சேர்ந்த வேங்கைவயலில் பட்டியல் சமூகத்துக் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து வாந்தியும் பேதியும் வந்தன. தண்ணீரில் ஏதோ இருக்கலாம் என்ற ஐயத்தில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் மேல் ஏறிப் பார்த்தபோது அதில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது. அந்த மக்கள் அருந்தியது எது என்பது தெரிந்த நொடியிலிருந்து அவர்கள் சுமந்தது நோயை மட்டுமல்ல. அடுத்த குடம் தண்ணீரைத் தூக்கும்போதும் வரும் அச்சம், மனிதராக மதிக்கப்படாததன் ஆறாத வலி இரண்டும் சேர்ந்தே வந்தன. வழக்கு 2023 ஜனவரியில் சிபிசிஐடியிடம் போனது. சட்டம் செய்ய வேண்டியது ஒருபுறம் இருக்கட்டும். குடலைப் பற்றி அறிவியல் சொல்ல வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000 மே மாதம் கனமழைக்குப் பின் குடிநீரில் கால்நடைச் சாணத்தின் கிருமிகள் கலந்தன. ஏழு பேர் இறந்தார்கள்; இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அரசு நிதியில் அந்த ஊர் மக்களைத் தொடர்ந்து கவனித்தபோது, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தும், அந்தப் பேதி வந்திருந்ததாக மருத்துவ நோக்கில் கருதப்பட்டவர்களில் 36 விழுக்காட்டினருக்குக் குடல் எரிச்சல் நோய் இருந்தது. நோயுறாதவர்களில் அது 10 விழுக்காடு. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சுமை முழுமையாக நீங்கவில்லை. யாருக்கு நீடித்தது என்று பார்த்தால், பெண்களுக்கும் இளையவர்களுக்கும், முன்னரே பதற்றமோ மனச்சோர்வோ இருந்தவர்களுக்கும் அதிகம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1999இலேயே இதே விடை கிடைத்திருந்தது. பேதியும் குடல் அழற்சியும் விதை போடுகின்றன. அந்த நேரத்து வாழ்க்கைத் துயரம் அதை வேரூன்றச் செய்கிறது. மாசுபட்ட தண்ணீரும் மனத்தின் அச்சமும் ஒரே குடலில் கைகோக்கும்போது சில நாள் பேதி பல ஆண்டு நோயாகலாம். இந்தச் சங்கிலியை எந்தக் கணுவில் அறுப்பது என்று கேட்டால், தொட்டியில் என்பதே விடை. குடித்த பிறகு கொடுக்கும் கேப்ஸ்யூலில் அறுக்க முடியாது.

மனம்தான் காரணம் என்று சொல்லி நோயாளியைத் திருப்பி அனுப்பும் பழக்கத்துக்கு இந்த அறிவியலை யாரும் துணைக்கு அழைக்கக் கூடாது. வயிற்று வலியோடு வரும் பெண்களிடம் ஒன்றுமில்லை, மனசை லேசாக வைத்துக்கொள் என்று சொல்லப்படுவது நம் புறநோயாளிப் பிரிவுகளில் அன்றாடம் நடப்பது. மனஅழுத்தம் குடல் சுவரை மாற்றுகிறது என்றால் அந்த வலி உடலில் இருக்கிறது, கற்பனையில் இல்லை. மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, இரத்தசோகை, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாக வரும் மலப் பழக்க மாற்றம் ஆகியவை இருந்தால், மனம் என்றும் புரோபயாடிக் என்றும் நாளைக் கடத்தாமல் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இவை எதுவும் இல்லாத குடல் எரிச்சல் நோய்க்கு மனத்தின் வழியாகச் செய்யும் மருத்துவமும் பலன் தருகிறது. மான்செஸ்டரில் பீட்டர் ஹார்வெல் 1984இலேயே குடலை மையமாக்கிய ஆழ்நிலைத் தளர்வு முறையால் கடுமையான நோயாளிகள் தேறுவதைக் காட்டினார்; எண்ணங்களைச் சீராக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் நல்ல சான்று இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் நம் மாவட்டங்களில் இயங்குகிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். வயிற்றுக்காக அங்கே போகலாம் என்று நோயாளிக்கும் தெரியாது, பல நேரம் அனுப்புகிறவருக்கும் தோன்றுவதில்லை. அந்தப் பாதையைத் திறந்துவிடச் செலவு அதிகமில்லை.

குழாய் முனையில் வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். சிறு சோதனைப் பெட்டியும் சில சொட்டு மருந்தும் இருந்தால் தொட்டி இயக்குபவரே அதைப் பார்த்துவிடலாம். ஊராட்சி அலுவலகச் சுவரில் மட்டும் எழுதாமல், ஒவ்வொரு குடியிருப்பின் தொட்டியடியிலும், குறிப்பாகப் பட்டியல் சமூகத்தினர் வாழும் பகுதிகளின் தொட்டியடியில், அன்றைய அளவை எழுதி வைக்கச் சொல்லலாம்; தொட்டிக்கு மூடியும் ஏணிக்குப் பூட்டும் போடலாம். 2017இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி இப்போது கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. மாசுபட்ட தண்ணீர் குடித்த ஊர்களின் குழந்தைகளை, வாக்கர்டனில் செய்தது போல எட்டு ஆண்டுகளாவது, உயரமும் எடையும் மலப் பழக்கமும் தூக்கமும் அச்சமும் கேட்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது அதன் சமுதாய மருத்துவத் துறைக்குச் செய்ய முடியாத வேலையல்ல. அந்தப் பட்டியலில் வேங்கைவயல் முதலில் வர வேண்டும்.